சதுர அடைப்புக்குள் ஒரு சிவப்பு

சாயப்பட்டறைக்காரர் அந்த அட்டையை என் மேசையில் வைத்தது 1994 ஜனவரி, கடைசிச் சனிக்கிழமை, மாலை ஐந்தே கால் மணி. நினைவிலிருந்து சொல்லவில்லை. அன்றே எழுதி வைத்தது. கோவையில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் நான் எழுத்தராக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதுவதுதான் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. பறவைகளையும் அப்படித்தான் எழுதினேன்: தேதி, இடம், வந்த நேரம், போன நேரம். நூலகத்தில் பழைய பயணக் குறிப்புகளைப் படிக்கும்போதுகூட, தேதி போடாமல் எழுதியவர்களை நான் முழுதாக நம்பியதில்லை.

அட்டை என்பது ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம். அதில் வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் சாயம் போட்ட நூலை விரல் நீளத்துக்குக் குஞ்சம் போலக் கட்டியிருந்தார். பட்டறையில் நெசவுக்காரர்களுக்குக் காட்டும் ஷேடு கார்டு மாதிரியே இருந்தது. பச்சைக் குஞ்சத்தின் கீழே ‘தலை’ என்று எழுதியிருந்தது. ஊதாவின் கீழே ‘தொண்டை’. மஞ்சளின் கீழே ‘வயிறு’. கடைசியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிவப்புகள். ஒன்று மங்கலான அரக்கு நிறம். அதன் கீழே ‘தினமும் வர்றது, முதுகு’. மற்றது பளிச்சென்ற சிவப்பு, ஈரக் குங்குமம் போல. அதன் கீழே ‘இது, முதுகு’.

“மூணு தடவை சாயம் போட்டுப் பார்த்தேனுங்க,” என்றார். “ரெண்டு தடவை ஒத்து வரலைங்க. மூணாவது தடவைதான் குருவி வந்துச்சு.”

அவர் சென்னிமலைக்காரர். அங்கே நெய்யப்படும் படுக்கை விரிப்புகளுக்கு நூல் சாயம் போட்டுக் கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றை வைத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எங்கள் பறவைக் குழுவில் முந்தைய வருடம்தான் சேர்ந்தார். குழு என்றால் பதினோரு பேர். ஞாயிறு காலைகளில் சிங்காநல்லூர் குளத்தங்கரையிலோ மேற்கே மலையடிவாரத்திலோ கூடுவோம். வருடத்துக்கு ஒருமுறை, யார் எங்கே எந்தப் பறவையைப் பார்த்தார்கள் என்று ஒரு பட்டியல் தயாரித்து, ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து, உருட்டி எடுத்து, மற்ற ஊர்க் குழுக்களுக்கும் தபாலில் அனுப்புவோம். தொகுப்பவன் நான்.

அவர் பார்த்ததாகச் சொன்ன பறவை சின்னத் தேன்சிட்டு. இதைப் பறவை பார்க்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் செம்பருத்தி இருக்கிற எந்த வீட்டிலும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு வரும். கட்டைவிரல் அளவு உடம்பு, வளைந்த ஊசி போன்ற அலகு. ஆணுக்குத் தலை பச்சையாக மின்னும், தொண்டை ஊதா, வயிறு மஞ்சள், முதுகு அரக்கு நிறம். சின்னத் தேன்சிட்டும் ஏறக்குறைய அதே ஆடைதான் உடுத்தியிருக்கும். அதைவிடச் சற்றே சிறியது. நெஞ்சில் அகலமான சிவப்புப் பட்டை. முதுகு அரக்கு இல்லை, நல்ல சிவப்பு. வெயில் படும் கோணம் மாறினால் ஒன்று மற்றொன்றாகத் தெரியும். சின்னது மேற்குத் தொடர்ச்சி மலையையும் அதன் அடிவாரத்தையும் விட்டு வெளியே வருவதில்லை என்றுதான் என்னிடமிருந்த புத்தகங்கள் சொல்லின. சென்னிமலை அங்கிருந்து வெகு தூரம் கிழக்கே, காய்ந்த சமவெளியில் இருக்கிறது.

“ஊதாப்பிட்டாத்தான் இருக்குமுங்க,” என்றேன். “வெயில்ல அரக்கும் அப்படித் தெரியும்.”

அவர் கோபப்படவில்லை. அட்டையை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். பிறகு நிழலில் பிடித்தார். மறுபடி ஜன்னல் பக்கம்.

“பாருங்க. அரக்கு வெயில்ல சிவக்கும், ஒத்துக்கறனுங்க. ஆனா அது நிழலுக்குப் போனா மறுபடி அரக்காயிரும். இது நிழல்லயும் சிவப்பாவே இருந்துச்சுங்க. மூணு நாளு, காலையில, பட்டறை வேப்பமரத்துல புல்லுருவி பூத்திருக்குது, அதுல. இருபது வருஷமா சிவப்புப் போடறனுங்க. இந்த ஒண்ணுல ஏமாற மாட்டேன்.”

நான் விதியைச் சொன்னேன். வழக்கமாக இல்லாத ஊரில் ஒரு பறவையை ஒரே ஒருவர் பார்த்திருந்தால், அந்தப் பதிவு சதுர அடைப்புக்குள் போகும். சந்தேகத்துக்குரியது என்று அதற்கு அர்த்தம். இரண்டாவதாக ஒருவர் பார்த்தால் அடைப்பை எடுத்துவிடுவோம். ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர் பார்த்தால் அது ஒருவர் பார்த்த கணக்குத்தான். அந்த விதியை எழுதியவன் நானே.

அவர் அட்டையை மேசையில் வைத்தார். பிறகு, “அடைப்புல போட்டா, படிக்கறவங்க நான் பொய் சொன்னேன்னு நெனப்பாங்களா, கண்ணு தெரியாதவன்னு நெனப்பாங்களா?” என்று கேட்டார்.

“ரெண்டும் இல்லீங்க. உறுதியாகலைன்னு நெனப்பாங்க.”

“ஊர்ல பொய்யன்னு சொன்னாக்கூடப் பரவால்லீங்க. கண்ணு சரியில்லாதவன்னு சொன்னா என்ற பொழப்பு போயிருமுங்க,” என்று சிரித்தார். “ஒருதடவை வந்து பார்த்துப்போட்டு எழுதுங்க. அது போதும்.”

வருகிறேன் என்று சொன்னேன். பிப்ரவரி மூன்றாவது ஞாயிறு என்று முடிவாயிற்று. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே பட்டியலின் ஸ்டென்சிலை நான் தட்டச்சு செய்து முடித்துவிட்டேன். அவருடைய பதிவை அடைப்புக்குள் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் வைத்தேன். கேள்விக்குறி விதியில் இல்லை. அது நானாகச் சேர்த்தது.

ஞாயிறு முதல் பேருந்தில் கிளம்பி, அவிநாசி வழியாகப் பெருந்துறை போய், அங்கே வண்டி மாறிச் சென்னிமலையில் இறங்கியபோது ஆறரை மணி. மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் படிக்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் நிறுத்தத்திலேயே காத்திருந்தார். பட்டறை வீட்டை ஒட்டியே இருந்தது. தொட்டிகள், அடுப்புகள், மூங்கில்களில் காய்கிற நூல். ஓரத்தில் அந்த வேம்பு. அதன் ஒரு கிளை முழுக்கப் புல்லுருவி அடைத்து, சிறு குழாய்கள் போன்ற பூக்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. மரத்துக்கு நேராக இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார். அன்று அடுப்பு மூட்டவில்லை. புகை இருந்தால் குருவி வராது என்று வேலைக்காரர்களுக்கும் விடுமுறை கொடுத்திருந்தார்.

உட்கார்ந்தோம். ஆறு நாற்பதிலிருந்து ஒன்பதரை வரை ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு பதினான்கு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் நான் விளக்கினேன். இதோ பாருங்கள், கிளைக்கு இந்தப் பக்கம் வந்ததும் முதுகு எப்படிச் சிவக்கிறது. இதைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மனிதக் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடும். படித்ததையெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். இன்றைக்கு அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. நிறத்தைப் பற்றி அவருக்கு நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் அவர் மனைவி காபி கொண்டுவந்தார். தட்டை நீட்டியபடியே கேட்டார்.

“ஏனுங்ண்ணா, நானுந்தானுங்க அந்தக் குருவியைப் பார்த்தேன். என்ற கண்ணு கணக்குல வராதுங்களா?”

“விதிங்க அம்மணி. ஒரே வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் ஒரு சாட்சிதான்.”

“அப்பிடிங்களா? அப்ப நான் கோவிச்சுக்கிட்டு எங்கப்பன் ஊட்டுக்குப் போயி, அங்கிருந்து வந்து பார்த்துப்போட்டுப் போறனுங்க. ரெண்டு சாட்சியாயிருமுங்களே!”

“நீ சும்மா இரு அம்மணி,” என்றார் கணவர். “சார் புஸ்தகத்தை வெச்சுப் பார்க்கறாரு.”

“புஸ்தகம் எழுதுனவங்க இந்த வேப்பமரத்துக்கு வந்திருக்காங்களாமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

ஒன்பதரைக்கு மேல் உள்ளேயிருந்து குரல் வந்தது. சந்தவம் ஆறுகிறதாம். இடியாப்பத்தைக் கொங்குப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். “இருங்க, கை கழுவறதுக்குச் செம்புல தண்ணி கொண்டாறேன். நீங்க மரத்தை உட்டுக் கண்ணை எடுக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

ஒன்பது நாற்பது. அது வந்தது.

ஊதாப்பிட்டு அப்போதுதான் மேல்கிளைக்குத் தாவியிருந்தது. அதனால் இரண்டையும் ஒரே பார்வையில் ஒப்பிட முடிந்தது. புதியது இன்னும் சின்னது. பூங்கொத்தின் அடியில் தலைகீழாகத் தொங்கி, ஒரு பூவில் அலகை நுழைத்து, உடனே அடுத்ததற்குப் போனது. நெஞ்சில் அகலமான பட்டை. பிறகு திரும்பி, இலைகளின் நிழலுக்குள் நகர்ந்து, எனக்கு முதுகைக் காட்டியது. நிழலிலும் சிவப்பு. என் வீட்டு மேசை இழுப்பறையில் கிடந்த கடைசிக் குஞ்சத்தின் அதே சிவப்பு. தொலைநோக்கியில் இருபது விநாடிக்குக் குறையாமல் பார்த்திருப்பேன். சந்தேகம் கொள்ள எதுவும் இல்லை.

நான் வாய் திறக்கவில்லை.

ஏன் என்று பல வருடம் எனக்கு நானே பல பதில்கள் சொல்லியிருக்கிறேன். ஸ்டென்சில் முடிந்துவிட்டது என்பது ஒன்று. அது பொய்யான சாக்கு. ஸ்டென்சிலில் திருத்துவதற்கென்றே ஒரு சின்னப் புட்டியில் திரவம் விற்றார்கள், என் மேசையிலும் ஒன்று இருந்தது. மூன்று மணி நேரம் அவருக்கு விளக்கிவிட்டு, உடனே எழுந்து நின்று நீங்கள் சொன்னது சரி என்று சொல்லக் கூச்சம். அது கொஞ்சம் உண்மை. அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. அந்த இருபது விநாடி அந்தப் பறவை என்னுடையதாக மட்டும் இருந்தது. வேறு யாருக்கும் அதில் பங்கு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அது மலைப் பக்கமாகப் பறந்து போயிற்று. செம்போடு அவர் வெளியே வந்தார்.

“ஏதாவது வந்துச்சுங்களா?”

“ஊதாப்பிட்டுத்தானுங்க,” என்றேன். அதுவும் முழுப் பொய் இல்லை. ஊதாப்பிட்டும் அங்கேதான் இருந்தது.

உள்ளே போய்ச் சாப்பிட்டேன். பிழிந்து வைத்த சந்தவம், தேங்காய்ப்பால், ஒரு கிண்ணத்தில் நாட்டுச் சர்க்கரை. அவர் மனைவி மூன்றாம் முறை வைத்தபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றிரவு நாட்குறிப்பில் எழுதினேன்: சென்னிமலை, காலை 6.40 முதல் 10.15 வரை. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, பதினைந்து முறை. சின்னத் தேன்சிட்டு, காணவில்லை. அந்தக் கையெழுத்து மற்ற நாட்களைப் போலவே ஒழுங்காக இருக்கிறது.

மார்ச்சில் பட்டியல் வெளியானது. அடைப்போடும் கேள்விக்குறியோடும். அவருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பதிலாக ஓர் அஞ்சலட்டை வந்தது: ‘புத்தகம் கிடைத்தது. நன்றி. வீட்டில் எல்லோரும் நலம்.’ கேள்விக்குறியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவர் குழுவை விட்டுப் போகவில்லை. கூட்டத்துக்கு வந்தார், வருடா வருடம் தன் குறிப்புகளை அனுப்பினார். ஆனால் அவற்றில் காகம், மைனா, கரிச்சான், கொக்கு மட்டும்தான் இருந்தன. யாரும் சந்தேகப்பட முடியாத பறவைகள். 1995 பட்டியலைத் தொகுக்கும்போது இதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, அடுத்தவருடைய தாளை எடுத்துக்கொண்டேன். பலமுறை அவரிடம் சொல்லிவிட நினைத்தேன். குளத்தங்கரையில் பக்கத்தில் நின்று, நாரைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது, இப்போது சொல்லலாம் என்று தோன்றும். எண்ணிக்கை தவறிவிடும் என்று எண்ணி முடிக்கும்வரை காத்திருப்பேன். எண்ணி முடித்ததும் அவர் வேறு யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார்.

1996 டிசம்பரில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

‘அன்புள்ள சார் அவர்களுக்கு, வணக்கம். நீங்கள் பழைய பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்து வெளியிடப் போவதாகக் கூட்டத்தில் சொன்னீர்கள். அதில் என் சின்னத் தேன்சிட்டுப் பதிவை எடுத்துவிடவும். அடைப்புக்குள்ளும் வேண்டாம். யோசித்துப் பார்த்தால் நான் தப்பாகத்தான் பார்த்திருக்க வேண்டும். போன மாதம் ஒருவருக்குப் போட்ட சிவப்பு, சாம்பிளுக்கு ஒத்து வரவில்லை என்று திரும்பி வந்துவிட்டது. எனக்கு ஒத்துத்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் தொட்டியில் இறக்கும் முன் வீட்டில் ஒருமுறை காட்டிக்கொள்கிறேன். கண் அந்தக் குருவி வந்தபோதே கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை. தப்பான பதிவு இருந்தால் உங்கள் பெயருக்குக் குறை. எடுத்துவிடவும்.’

இதைப் படித்தபோது ஆலையில் மதிய ஷிப்ட் மாறும் நேரம். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களின் அட்டைகளில் நேரம் குறித்தேன். அன்று இரண்டு பேருக்குத் தப்பாகக் குறித்துவிட்டேன். கண்ணை நம்பிப் பிழைக்கிற ஒருவர், தன் கண் சரியில்லை என்பதற்கு முதல் ஆதாரமாக நான் மறைத்த பறவையைக் காட்டுகிறார். திரும்பி வந்த அந்தச் சிவப்பு வேறு காரணத்தால் திரும்பியிருக்கலாம். நூல் மாறியிருக்கலாம், தண்ணீர் மாறியிருக்கலாம், வாங்கியவர் சாக்குச் சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் முதலில் அதையெல்லாம் யோசிப்பார்கள். அவர் தன் கண்ணைத்தான் யோசித்தார். அதற்கு அவரைப் பழக்கியவன் நான்.

1997 ஜனவரி, பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு. நூல் அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். முன்கூட்டி எழுதவில்லை. எழுதினால் நாற்காலி போட்டு வைத்திருப்பார்.

அவர் தொட்டியருகே நின்று, கம்பில் தொங்கிய நூல் சிட்டத்தைச் சாயத்தில் புரட்டிக்கொண்டிருந்தார். முழங்கை வரை சிவப்பு. மனைவி காய்ந்த நூலை உதறி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க, வாங்க. ஏனுங்க சொல்லாமக் கொள்ளாம?” என்றார் கணவர்.

நின்றபடியே சொன்னேன். “அந்தப் பதிவை எடுக்க முடியாதுங்க.”

“ஏனுங்க, அச்சாயிருச்சுங்களா?”

“இல்லீங்க. அந்தக் குருவியை நானும் பார்த்தேன்.”

“எங்கீங்க?”

“இங்கதானுங்க.”

கம்பை அப்படியே விட்டுவிட்டு வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். “இப்பங்களா? வாரப்பவே பார்த்தீங்களா? எந்தக் கிளைங்க?” கையை வேட்டியில் துடைத்ததில் சிவப்புத் தீற்றல்கள் விழுந்தன. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில்.

“இப்ப இல்லீங்க. நான் முன்ன வந்தேனே, அன்னைக்கு.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. கையிலிருந்த நூலைக் கீழே வைத்தார்.

“எங்கூட்டுச் சந்தவம் தின்னுபோட்டுப் போனீங்களே, அன்னைக்குங்களா?”

“ஆமாங்க.”

“பார்த்துப்போட்டா இல்லேன்னு சொன்னீங்க?”

“ஆமாங்க.”

“நல்லாருக்குதுங்ண்ணா,” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

கணவர் என்னிடம் வந்தார். “எத்தனை மணிங்க?” என்று கேட்டார்.

“ஒன்பது நாற்பது.”

“எந்தப் பக்கமுங்க?”

புல்லுருவி இருந்த கிளையைக் காட்டினேன். அந்த வருடம் அதில் பூ குறைவு.

“முதுகு பார்த்தீங்களா?”

அட்டையை எடுத்து, கடைசிக் குஞ்சத்தைத் தொட்டேன். அவர் அதை வாங்கி, வெயிலில் ஒருமுறை, தன் நிழலில் ஒருமுறை பிடித்துப் பார்த்தார்.

“ஒத்திருந்துச்சுங்களா?”

“அச்சு அசல் அதேதானுங்க. உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லீங்க. அன்னைக்கும் இல்லை, இன்னைக்கும் இருக்காது. தப்பு என்னோடது.”

“கேட்டுக்கோங்க,” என்றார் மனைவி, அவரைப் பார்த்து. “நான் மூணு வருஷமாச் சொன்னேன். நான் சொன்னா ஒரே ஊட்டுச் சாட்சி. இப்பவாவது நம்புங்க. நாளைலருந்து சிட்டத்தைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்கு வராதீங்க.”

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒன்பது நாப்பதுன்னா,” என்றார் மெதுவாக, “நான் உள்ள செம்பு எடுக்கப் போயிருந்தனுங்க. அதுக்கப்பறம் அது வரவே இல்லீங்க. அந்த வருஷமும் வரலை, அடுத்த வருஷமும் வரலை. தினமும் காலையில பார்த்தேன். மூணு நாளோட போயிருச்சுன்னு நெனச்சிருந்தேன். நாலாவதா ஒரு நாளும் வந்திருக்குது. நான் ஊட்டுக்குள்ள நின்னிருக்கேன்.”

அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“எழுதாட்டிப் பரவால்லீங்க. அடைப்புப் போட்டதும் பரவால்லீங்க. ஒரு குரல் குடுத்திருக்கலாமுங்க. பத்தடிதான். செம்பைப் போட்டுட்டு ஓடியாந்திருப்பேன்.”

மூன்று வருடமும் நான் வருத்தப்பட்டதெல்லாம் பதிவைப் பற்றி. பொய் எழுதினேனே, நாட்குறிப்பு கெட்டுப்போயிற்றே என்று. அவர் அந்த ஒன்பது நாற்பதுக்கு ஒரு பறவையை இழந்திருந்தார் என்பது அந்த நொடிவரை எனக்குத் தோன்றவே இல்லை. பதிவைத் திருத்தலாம். இதற்கு என்னிடம் எந்தத் திரவமும் இல்லை.

தொட்டியில் நூல் அளவுக்கு மீறி ஊறிவிட்டது. அவர் போய்ச் சிட்டத்தைத் தூக்கி, முறுக்கிப் பிழிந்து, வெளிச்சத்தில் பிடித்தார். நிறம் பார்த்தார். பிறகு பழக்க தோஷத்தில், ஏதும் சொல்லாமல், அதை மனைவி பக்கம் நீட்டினார். நான் அங்கே நின்று, எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகும். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அந்தம்மா ஒரு பார்வை பார்த்து, “சரியாத்தான் இருக்குது, போங்க,” என்றார்.

கிளம்பும் முன் பதிவைப் பற்றிப் பேசினேன். அடைப்பை எடுத்துவிடுகிறேன், உங்கள் பெயர் மட்டும் இருக்கும், நான் மறைத்ததையும் ஒரு அடிக்குறிப்பாகப் போட்டுவிடுகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“ஒருத்தன் பேரு மட்டும் இருந்தா உங்க விதிப்படி மறுபடியும் அடைப்புத்தானுங்களே? உங்க பேரையும் போடுங்க. அப்பத்தான் நிக்கும். மத்ததெல்லாம் எதுக்குங்க? நம்மூட்டுக்கு வந்து சாப்பிட்டவங்களைப் பத்தி அப்படி அச்சுல போடறது எனக்கு நல்லாருக்காதுங்க.”

நான் வற்புறுத்தினேன். எவ்வளவு தூரம் வற்புறுத்தினேன் என்று யோசித்தால், போதுமான அளவு இல்லை. குறிப்பு வேண்டாம் என்று அவர் இரண்டாம் முறை சொன்னபோது எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக உட்கார்ந்துவிட்டது. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

தொகுப்புப் பட்டியல் அந்த வருடம் வெளியானது. அடைப்பு இல்லை, கேள்விக்குறி இல்லை. சின்னத் தேன்சிட்டு, சென்னிமலை, ஆண், ஒன்று, வேம்பில் இருந்த புல்லுருவியில், 1994 ஜனவரியில் மூன்று நாள், பிப்ரவரியில் ஒரு நாள். பார்த்தவர்கள் என்ற இடத்தில் அவர் பெயரும் என் பெயரும் ஒரு காற்புள்ளி இடைவெளியில். அவருக்கு இரண்டு பிரதி அனுப்பினேன். ‘கிடைத்தது, நன்றி’ என்று அஞ்சலட்டை வந்தது.

அந்த வரியில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை இப்போது எந்த ஊரில் யார் எடுத்துப் படித்தாலும், அந்த மரத்தடியில் நாங்கள் இருவரும் தோளோடு தோள் நின்று, ஒருவருக்கொருவர் கிளையைக் காட்டி, ஒன்றாகத்தான் அந்தப் பறவையைப் பார்த்தோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.